உப்பும் வெள்ளியும்
(ஃபிலிமையும் டிஜிட்டலையும் சேர்த்துப் படம் எடுப்பது பற்றி ஒரு பயிற்சிக் கட்டுரை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது, "நீ எதைப் பத்தி எழுதப் போறே?" என்று தோழிகள் கேட்டார்கள். "ஃபிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் சேர்த்துப் பயன்படுத்துறதைப் பத்தி" என்றேன். "கையில போன் இருக்கும்போது ஃபிலிம் எதுக்குடி? அது தாத்தா காலத்துச் சாமான் ஆச்சே!" என்று சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் ஓர் இடத்தில் தோற்கிறது, ஃபிலிம் வேறோர் இடத்தில் தோற்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் தோற்பதில்லை. ஆகவே ஒன்றின் குறையை இன்னொன்றால் அடைக்கலாம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மரக்காணம் உப்பளத்தில் எங்கள் ஆயாவைப் படம் எடுக்கப் போய்த் தெரிந்துகொண்டேன்.

உப்பளத்தில் கேமரா ஏன் ஏமாறுகிறது?

எங்கள் ஆயா நாற்பது வருஷத்துக்கு மேல் மரக்காணம் அளத்தில் உப்பு வாரியவர். அம்மாவும் அதே வேலைதான். 2024 மார்ச் மாதம், முதலாண்டுத் தேர்வுக்கு முன்னால், ஒரு நாள் காலை என் போனில் ஆயாவைப் படம் எடுத்துக் காட்டினேன். வானம் இருந்தது, பாத்தி இருந்தது, உப்புக் குவியல் பளிச்சென்று இருந்தது. ஆயா முகம் மட்டும் கரிக்கட்டை மாதிரி இருந்தது. "பின்னாடி இருக்கிற உப்புதான் தெரியுது, நான் எங்கடி?" என்று கேட்டார்.

சரி என்று திரையில் ஆயாவின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டி இன்னொன்று எடுத்தேன். இப்போது முகம் தெரிந்தது. உப்பு ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்டது. ஆயா உற்றுப் பார்த்துவிட்டு, "இது உப்பா, சுண்ணாம்பா?" என்றார். உப்பின் மணியைக் கையில் எடுத்துத் தரம் சொல்கிறவருக்கு அந்தப் படம் எப்படிப் பிடிக்கும்?

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஒளியை அளக்கும் மீட்டர். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். உப்போ விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. மீட்டர் "அடேயப்பா, வெளிச்சம் ரொம்ப அதிகம்" என்று நினைத்து ஒளியைக் குறைக்கிறது. உப்பு சாம்பலாகிறது, மனிதர் முகம் கறுப்பாகிறது.

இரண்டாவது, காட்சியிலேயே உள்ள வித்தியாசம். படக்கலையில் ஒளியை 'ஸ்டாப்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் கூட்டினால் நாலு மடங்கு, மூன்று என்றால் எட்டு மடங்கு. வெயிலில் கிடக்கும் உப்புக்கும், தலையில் போட்ட துண்டின் நிழலில் இருக்கும் கறுத்த முகத்துக்கும் இடையே பல ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பதுதான் பிரச்சினை.

இரண்டுக்கும் எலக்ட்ரான்தான்

நமக்குத் தெரிந்த பாடத்திலிருந்தே இதைப் புரிந்துகொள்ளலாம். டிஜிட்டல் கேமராவில் உள்ள உணரி ஒரு சிலிக்கான் தகடு. ஒளித்துகள் விழுந்தால் எலக்ட்ரான் விடுபடும். லட்சக்கணக்கான சின்னஞ்சிறு குழிகளில் அந்த எலக்ட்ரான்கள் சேரும். பிறகு அனலாக் அளவை எண்ணாக மாற்றும் சுற்று அதைப் படிக்கும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் உருவாக்கிய சி.சி.டி. என்ற சாதனம்தான் இதற்கு ஆரம்பம். 2009-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் 100-க்கு 100, அதாவது பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது.

குழி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் எலக்ட்ரானுக்கு இடமில்லை. ஆப்-ஆம்ப் ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். உள்ளீட்டைக் கூட்டிக்கொண்டே போனால், சப்ளை வோல்டேஜை நெருங்கியதும் சைன் அலையின் தலை மொட்டையாகிவிடும் இல்லையா? அதேதான். சாதாரணப் படக்கோப்பில் 0 முதல் 255 வரை எண்கள். 255-ஐ முட்டிய உப்பு எல்லாம் ஒரே 255. மணிக்கு மணி வித்தியாசம் அதில் பதிவாகவே இல்லை. பதிவாகாததை எந்த மென்பொருளும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஃபிலிமிலும் எலக்ட்ரான்தான் வேலை செய்கிறது. ஃபிலிமின் மேல் ஜெலட்டினில் சில்வர் புரோமைடு படிகங்கள் கலந்து பூசியிருக்கும். அதுவும் ஓர் உப்புதான், வெள்ளியின் உப்பு. ஒளி விழுந்து விடுபடும் எலக்ட்ரானை வெள்ளி அயனி வாங்கிக்கொண்டு வெள்ளி அணுவாக மாறும். ஒரு படிகத்தில் நாலைந்து அணு மாறினாலே போதும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடத்தை டெவலப்பர் திரவம் பல கோடி மடங்கு பெருக்கி முழுப் படிகத்தையும் கறுப்பு வெள்ளியாக்கிவிடும். இதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபயர் நம் ஆய்வகத்தில் இல்லை!

ஒளி அதிகமாகும்போது ஃபிலிமின் கறுப்பு ஒரேயடியாக முட்டி நிற்பதில்லை, மெதுவாக வளைந்து தேங்குகிறது. 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் இதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். அந்த வளைவின் மேல் பகுதிக்குத் 'தோள்' என்று பெயர். அந்தத் தோள் இருப்பதால் நெகட்டிவ் ஃபிலிமுக்கு இரண்டு மூன்று ஸ்டாப் ஒளி அதிகமானாலும் உப்பின் மணி அழிவதில்லை. ஆனால் ஒளி குறைந்தால் ஃபிலிம் தோற்றுவிடும். நிழல் இருந்த இடத்தில் நெகட்டிவ் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கேயும் எதுவும் மீளாது.

ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இதுதான்: டிஜிட்டலில் வெள்ளையைக் காப்பாற்று, ஃபிலிமில் கறுப்பைக் காப்பாற்று.

இப்போதைய போன்கள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்துச் சேர்த்து இந்தக் குறையைச் சமாளிக்கின்றன. நல்ல டிஜிட்டல் கேமராவில் 'ரா' கோப்பாக எடுத்தால் நிழலிலிருந்து நிறைய மீட்கலாம். இதை மறைக்கக் கூடாது. ஆனால் வேகமாகப் பலகை இழுக்கிற கை, காற்றில் ஆடுகிற துண்டு, இவற்றைப் பல படங்களைச் சேர்த்து எடுக்கும்போது சில சமயம் கலங்கிவிடுகிறது. என்னிடம் இருந்த பழைய போனில் அந்த வசதியும் சுமார்தான்.

நம் பக்கத்துக் கதை

எனக்குக் கிடைத்த ஃபிலிம் கேமரா பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரான மாடல். ஷட்டர் முழுக்க முழுக்க ஸ்பிரிங், பல் சக்கரத்தில் ஓடும். மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒரு பெரியவர், "பூட்டி வெச்சா பூசணம்தான் பிடிக்கும், நீ எடுத்துக்கிட்டுப் போ பாப்பா" என்று கொடுத்தார். அவர் இளமையில் 'இந்து' ஃபிலிமில் படம் எடுத்தவர். அது நம் ஊட்டியில் தயாரானது. 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம், 1967 முதல் அங்கே ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. இன்று அந்த ஆலை இல்லை. இப்போது நாம் வாங்குவதெல்லாம் வெளிநாட்டுச் சுருள். ஒரு சுருளின் விலை எங்கள் வீட்டில் இரண்டு நாள் கூலி. 36 படம்தான் வரும். அதனால்தான் ஒவ்வொரு படத்தையும் யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு செய்தி. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் எடுத்தார். அவர் நெகட்டிவ் காகிதத்தில் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 துண்டுப் படங்களாக ஒட்டி நீளமாகக் காட்டினார். அந்தக் காலத்து ரசாயனத்தில் வானம் சரியாக வராது. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் கையாலேயே மேகம் தீட்டினார். ஒரு முறையின் குறையை இன்னொரு முறையால் அடைப்பது 160 வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது!

சேர்த்து எடுக்கும் முறை

இனி செய்முறைக்கு வருவோம். நான் உப்பளத்தில் கடைப்பிடித்த வரிசை இது.

1. முதலில் போனில் எடுங்கள். எந்தப் பக்கம் நின்றால் நன்றாக வரும், பின்னால் மின்கம்பம் நிற்கிறதா, ஆள் கண்ணை மூடுகிறாரா என்பதெல்லாம் செலவில்லாமல் தெரிந்துவிடும். போன்தான் நமக்கு ரஃப் நோட்டு, ஃபிலிம் ஃபேர் நோட்டு.

2. போனையே மீட்டராக்குங்கள். கேமரா செயலியில் 'புரோ' முறையில் போட்டு, ஃபிலிமில் எழுதியுள்ள அதே ஐ.எஸ்.ஓ. எண்ணை வைக்கவும். உப்பை அளக்காதீர்கள். எடுக்கப்போகும் முகத்தின் மேல் எந்த வெளிச்சம் விழுகிறதோ, அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அதை அளக்கவும். உள்ளங்கை யாருக்கும் நடுத்தரச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளுப்பு. அதனால் வருகிற அளவில் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளவும்.

3. போன் இல்லாவிட்டால் 'பதினாறு விதி'. நல்ல வெயிலில் அபெர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, ஷட்டரை ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழாக வைக்க வேண்டும். 400 ஃபிலிம் என்றால் 1/400, கேமராவில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 1/500. முகம் துண்டின் நிழலில் இருந்தால் இரண்டு ஸ்டாப் திறந்து எஃப் 8. அப்போது உப்புக்கு ஒளி அதிகமாகும். ஆகட்டும், ஃபிலிமின் தோள் தாங்கும்.

4. அதே காட்சியை டிஜிட்டலிலும் எடுத்து வையுங்கள், ஆனால் உப்பைக் காப்பாற்றும் அளவில். வண்ணம், தேதி, இடம் எல்லாம் அதில் இருக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அது இருக்காது.

5. நோட்டில் எழுதுங்கள். படம் எண், அபெர்ச்சர், ஷட்டர், நேரம். பேனா வேண்டாம், பென்சில் போதும். காரணம் பின்னால் தெரியும்.

வேளையும் முக்கியம். அளத்தில் வெயிலுக்கு முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் அந்த நேரத்தில் வெளிச்சம் துண்டுக்குக் கீழேயும் நுழையும். பத்து மணிக்கு மேல் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் கண் எப்போதும் சிவந்தே இருப்பதற்கு அதுதான் காரணம். ஒன்று கவனியுங்கள். வேலை செய்கிறவர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு நேரம்தான் கூலி. கேட்டுவிட்டு, அவர்கள் வேலையின் ஓட்டத்திலேயே எடுங்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் ஒரு சுருள் முழுவதும் எடுத்தேன். அதில் ஆயாவை நாலே நாலு படம்.

வீட்டிலேயே ஃபிலிம் கழுவுதல்

கறுப்பு வெள்ளை ஃபிலிமை நாமே கழுவலாம். ஒளி புகாத கறுப்புப் பையில் கையை விட்டு, ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, டேங்கில் மூடிவிட்டால் பிறகு வெளிச்சத்திலேயே வேலை செய்யலாம். நான் பயன்படுத்தியது டி-76 என்ற பழைய டெவலப்பர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். அடுத்து ஒரு தண்ணீர்க் கழுவல், பிறகு ஹைப்போ, கடைசியில் நிறையத் தண்ணீர்.

நம் ஊரில் இரண்டு தொல்லை. ஒன்று சூடு. புத்தகம் 20 டிகிரி என்கிறது, எங்கள் குடத்துத் தண்ணீரே 30 டிகிரி. சூடு கூடினால் நேரம் குறையும், அளவு தப்பிவிடும். ஒரு பேசினில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு, அதற்குள் திரவப் பாட்டில்களை வைத்து 20-க்கு இறக்கினேன். எச்.பி.5 ஃபிலிமுக்கு அந்தச் சூட்டில் சுமார் ஏழரை நிமிடம். இரண்டாவது தொல்லை உப்புத் தண்ணீர். கிணற்று நீரில் கடைசிக் கழுவல் செய்தால் காய்ந்தபின் ஃபிலிம் முழுக்க வெள்ளைப் புள்ளி. அதனால் கடைசியாக மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஒரு முறை அலசினேன்.

நெகட்டிவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஆயாவின் கண்ணும் தெரிந்தது, குவியலின் மணியும் தெரிந்தது. இரண்டும் தெரிந்த முதல் படம்.

புயல் நடத்திய பாடம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வீட்டுக்குள் சேறு. என் போன் தண்ணீரில் கிடந்து, பழுது பார்க்கிற அண்ணன் திறந்து பார்த்து, "போர்டு போயிடுச்சும்மா" என்றார். ஆயாவை எடுத்த முந்நூறு படத்துக்கு மேல் அதில் இருந்தது. வேறெங்கும் நகல் வைக்கவில்லை.

நெகட்டிவ் உறையும் சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. வெயிலில் காயப்போடப் போனேன். அப்பா போனிலிருந்து ஸ்டுடியோப் பெரியவரிடம் பேசினேன். "காய விடாதே பாப்பா! காஞ்சா ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். ஈரத்தோட ஈரமா நல்ல தண்ணியில போட்டு, மெதுவாப் பிரிச்சு அலசு" என்றார். அப்படியே செய்தேன். ஃபிலிம் பிறந்ததே தண்ணீரில்தானே? இரண்டு கீறல் விழுந்தது, படம் பிழைத்தது. பென்சிலில் எழுதிய நோட்டும் பிழைத்தது.

2025 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால், ஆயா இறந்துவிட்டார்.

இதை ஃபிலிமின் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது. டிஜிட்டல் படத்தை எத்தனை நகல் வேண்டுமானாலும், தரம் குறையாமல், செலவில்லாமல் எடுக்கலாம். அது டிஜிட்டலின் பெரிய பலம். அந்தப் பலத்தை நான் பயன்படுத்தவில்லை. நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். அது தீயில் விழுந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஆகவே இரண்டாவது விதி: டிஜிட்டல் படத்தை இரண்டு இடத்தில் வை, நெகட்டிவை டிஜிட்டலாக்கி வை. கடலோர ஊரில் நெகட்டிவ், லென்ஸ் இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூசணம் பிடிக்காது.

நெகட்டிவை எண்ணாக்குதல்

இதற்குப் பெரிய ஸ்கேனர் தேவையில்லை. தோழி ஒருத்தியின் டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை வைத்தேன். நெகட்டிவைத் திரையின் மேல் நேரடியாக வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து பதியும். அதனால் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்தில், கறுப்பு அட்டையில் வெட்டிய சதுர ஓட்டைக்கு மேல் நிறுத்தினேன். சித்தப்பா மகனின் டிஜிட்டல் கேமராவை நேர் மேலே, சாய்வு இல்லாமல் கட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுத்தேன். கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம்.

நான் செய்தது சிறு அளவு. இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் புகைப்படங்கள் லட்சத்துக்கும் மேல் உள்ளன, அவை டிஜிட்டலாக்கப்பட்டு வருகின்றன. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் குடும்பப் படங்களையும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, அங்குள்ள ஆய்வாளர்கள் தேடி எண்ணாக்கியிருக்கிறார்கள்.

மறுபடி உப்புக்கு

கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. முதலாண்டு வேதியியல் செய்முறை நினைவிருக்கிறதா? குளோரைடு உள்ள கரைசலில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று எழுதுவோமே, அதுதான் சில்வர் குளோரைடு. அதை வெளிச்சத்தில் வைத்தால் ஊதாவாகிக் கறுக்கும். உலகத்தில் முதல் காகிதப் புகைப்படங்கள் இப்படித்தான் வந்தன. இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1834 முதல் முயன்று, 1839-இல் உலகுக்கு அறிவித்தார். சாதாரணச் சாப்பாட்டு உப்பில் நனைத்த தாளின் மேல் சில்வர் நைட்ரேட் பூசினார். அவர் கண்ட அதிசயம், உப்பு கொஞ்சமாக இருந்தால் தாள் ஒளியில் வேகமாகக் கறுக்கிறது, உப்பு அதிகமானால் கறுப்பதே நின்றுபோகிறது. அதனால் படத்தை நிலைநிறுத்தவும் முதலில் அடர்ந்த உப்புநீரையே பயன்படுத்தினார். பிறகு ஜான் ஹெர்ஷல் காட்டிய ஹைப்போ வந்தது.

இந்தத் தாளுக்கு உணர்வு குறைவு, வெயில் வேண்டும். நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்துத்தான் பதிக்க முடியும். நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே. என் நெகட்டிவோ 24-க்கு 36 மில்லிமீட்டர், தீப்பெட்டியை விடச் சின்னது. இங்கேதான் டிஜிட்டல் கைகொடுத்தது. எண்ணாக்கிய படத்தைக் கணினியில் மறுபடி நெகட்டிவாக்கி, நோட்டுப் புத்தக அளவுக்குப் பெரிதாக்கி, ஜெராக்ஸ் கடையில் ஓ.எச்.பி. தாளில் அச்செடுத்தேன். ஒரு தாளில் கறுப்பு போதவில்லை. இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி ஒட்டினேன்.

2025 மே மாதம், வேதியியல் மேடம் அனுமதியோடு ஆய்வகத்தில் செய்த முறை:

1. 100 மி.லி. நீரில் 2 கிராம் உப்பு. மரக்காணம் அளத்து உப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டேன். ஓவியத் தாளை அதில் நனைத்து உலர்த்தவும்.

2. 25 மி.லி. வடிநீரில் 3 கிராம் சில்வர் நைட்ரேட். மங்கலான மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் பிரஷ்ஷால் சீராகப் பூசி, இருட்டில் உலர்த்தவும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்டால் நாள் கணக்கில் கறுப்பு போகாது, கண்ணில் பட்டால் ஆபத்து. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, பாட்டிலில் சேர்த்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும்.

3. ஓ.எச்.பி. நெகட்டிவைத் தாளின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்கவும். எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கறுக்க விடவும், ஏனென்றால் அடுத்த படியில் வெளுக்கும்.

4. சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீரில் பால் மாதிரி வருவது நிற்கும்வரை அலசவும். பிறகு பத்து சதவீத ஹைப்போவில் நாலு நாலு நிமிடமாக இரண்டு முறை. கடைசியில் அரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவவும்.

முதல் இரண்டு தாள் திட்டுத் திட்டாக வீணாயின. மூன்றாவது தாளில் செம்பழுப்பு நிறத்தில் ஆயா வந்தார். உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு, லேசாகக் கண்ணைச் சுருக்கி, பின்னால் குவியலோடு.

வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். "படம் பிடிச்சா வயிறு நிறையுமா?" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் அம்மாதான். ரொம்ப நேரம் பார்த்தார். "கையில காப்புக் காய்ச்சது கூடத் தெரியுதே" என்றார். பிறகு, "இது நம்ம அளத்து உப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரேஷன் கார்டு, ஆதார் தவிர ஆயாவின் படம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். சுவரில் மாட்டியிருக்கிறோம், வெயில் படாத பக்கம்.

முடிவாக

நண்பர்களே, எல்லோரும் ஃபிலிம் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. செலவு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கருவி எங்கே தோற்கும் என்று தெரிந்தவர்தான் அதை ஒழுங்காகப் பயன்படுத்த முடியும். நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள், அது நம் வேலை. ஒளி எலக்ட்ரானாகி, எலக்ட்ரான் வெள்ளியாகி, வெள்ளி எண்ணாகி, எண் மறுபடி வெள்ளியாகிற இந்தச் சுற்றில் இயற்பியல், வேதியியல், மின்னணுவியல் மூன்றும் இருக்கின்றன. பரீட்சைக்குப் படித்ததெல்லாம் எனக்குப் புரிந்தது இந்தச் சுற்றில்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில், பழைய கல்யாண ஆல்பத்தின் பின் உறையில், நெகட்டிவ் துண்டுகள் கிடக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெள்ளைத் திரை ஒன்றும், கறுப்பு அட்டை ஒன்றும், நண்பரின் கேமரா ஒன்றும் இருந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அவற்றைப் படமாக்கிவிடலாம். அதில் இருக்கும் முகம் யாருடையது என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

— மூன்றாமாண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை